வால்நட்சத்திரத்தைப் பிடித்தவர்

இரவு வானத்தைப் படமெடுக்கும் விண்படக்காரர் என்றொரு இனம் உண்டு. பகலில் பார்த்தால் சாதாரண மனிதர். கொட்டாவி விட்டுக்கொண்டே அலுவலகம் போவார். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தக் கொட்டாவி என்னுடையது.

நிலா வந்தால் ஊரே குழையும். நாங்கள் மட்டும் "வந்துட்டியா சனியனே!" என்போம். (சனியையும் படமெடுப்போம் என்பது வேறு விஷயம்.) அந்த வெளிச்சத்தில் எங்கள் நெபுலாக்கள் கரைந்துபோகும். நெபுலா என்பது வானத்துப் புகைமண்டலம். கேமராவில் அது கண்ணாடியில் பட்ட கட்டைவிரல் அழுக்கு போல விழும். அதைக் கணினியில் ஒரு வாரம் தேய்த்து, இழுத்து, சிவப்பேற்றி, நீலம் கூட்டி, சோறு ஆறி, கண் எரிந்து, கடைசியில் மாமியாரிடம் நீட்டினேன்.

"நல்ல டிசைன் மாப்பிள்ளை. திரைச்சீலைக்கா?"

"அத்தை, இது நட்சத்திரம் பிறக்கிற இடம்!"

"அப்படியா? துவைச்சா சாயம் போகாதே?"

போன மாதம் ஒரு வால்நட்சத்திரம் வந்தது. இதை விட்டால் பல ஆயிரம் வருடம் காத்திருக்க வேண்டுமாம். விடுவேனா? அந்தி சாயுமுன்பே மொட்டைமாடியில் கேமராவை நிறுத்தினேன். எதிர்வீட்டுக்காரரிடம் கெஞ்சி அவர் மாடி விளக்கை அணைக்க வைத்தேன். அணைத்தவர், என்னதான் நடக்கிறதென்று பார்க்கக் குடும்பத்தோடு எங்கள் மாடிக்கே வந்துவிட்டார்.

"ஐயோ, அங்க பாருங்க!" என்றாள் மனைவி.

"இரு, கேபிள் மக்கர் பண்ணுது."

"வால் எவ்வளவு நீளம்! ஒரு நிமிஷம் வாங்களேன்."

"நடக்காத! தரை ஆடுது, படம் கலங்கிடும்!"

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். எதிர்வீட்டுக் குழந்தைகள் கூவினார்கள். நான் கேமராத் திரையில் வெளிச்சம் படாமலிருக்கக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன். வெளியே எடுத்தபோது, அது அடுக்குமாடிகளுக்குப் பின்னால் இறங்கிவிட்டிருந்தது.

படியிறங்கும்போது மனைவி கேட்டாள்.

"நீங்க பாத்தீங்களா?"

"எடுத்திருக்கேன்."

"அதக் கேக்கல. பாத்தீங்களா?"

மறுநாள் மேகம். அதற்கு மறுநாளும் மேகம். பிறகு அது போயே போய்விட்டது. படம் மட்டும் பிரமாதமாக வந்தது; பார்த்தவர்களெல்லாம் பாராட்டினார்கள். சாப்பிடும்போது மனைவியிடம் மெல்லக் கேட்டேன்: "நேர்ல எப்படி இருந்துச்சு?"

"முதல்ல ஒண்ணுமே தெரியல. பாத்துக்கிட்டே இருந்தா, வால் கொஞ்சம் கொஞ்சமா நீண்டுக்கிட்டே போச்சு. சத்தமே இல்லாம." அதற்குமேல் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எங்கள் இனத்தில் சேர டெலஸ்கோப் கட்டாயமில்லை. பள்ளி மேடையில் உங்கள் மகள் ஆடினாளே, நடுவில் ஒருமுறை கூட்டத்தில் உங்கள் முகத்தைத் தேடினாள். அவளுக்குத் தெரிந்தது உங்கள் ஃபோனின் முதுகு.