பிள்ளையார் அட்டைக்குள் இருந்த பாட்டு

பிள்ளையார் பாட்டு அட்டைக்குள்ளிருந்து எடுத்த இசைத்தட்டு பிள்ளையார் பாட்டு இல்லை என்பது, ஊசியை வைத்த மறுநொடியே சோலைமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. டிரம்ஸ் தடதடத்தது. கிடார் சிணுங்கியது. அடுப்பில் கை வைத்துவிட்டவரைப் போல ஒருவர் "ஆவ்!" என்று அலறினார். சில்வர் ஓக் மர உச்சியில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அந்த அலறலை வடகவுஞ்சி முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

ஊசியைப் பிடுங்கினான். "மைக் டெஸ்டிங்... ஹலோ..."

"டெஸ்டுக்கே இம்புட்டு அலறலா தம்பி?" பந்தலுக்குள்ளிருந்து பிச்சையா எட்டிப் பார்த்தார்.

அன்று பிச்சையாவின் புது வீட்டுக்குப் பால் காய்ச்சு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு திரும்பி வந்து, கூலி வேலை செய்து எழுப்பிய வீடு. அவர் மகள் லீலா, கொடைக்கானல் பங்களா ஒன்றில் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவள். அவளைத்தான் சோலைமுத்து பெண் கேட்டிருந்தான்.

"விசேஷத்துக்கு உங்க மைக் செட்டையே கட்டுங்க. தொழிலைப் பாத்துட்டு அன்னைக்கே பதில் சொல்றேன்" என்றிருந்தார் பிச்சையா. "ஆனா தொரைமாரு பாட்டு மட்டும் ஆகாது. தோட்டத்துல அவங்க போட்ட சத்தம் இந்தக் காதுக்குப் போதும்."

சோலைமுத்துவுக்கோ அந்தப் பாட்டுகளில்தான் உயிர். போன வருஷம் நாயுடுபுரத்துப் பழைய சாமான் கடையில் ஒரு மரப்பெட்டி வாங்கினான். நிறைய அமெரிக்க இசைத்தட்டுகள். முதல் தட்டைப் போட்டவன் கையிலிருந்த டீயை மறந்துபோனான். பெரிய கிடார், சுமையோடு மலைப்பாதையில் இறங்குகிற ஆளைப் போல நிதானமாக நடந்தது. அதன்மேல் ஒரு பெண் அழுதாள். அழுகையின் நடுவிலேயே சிரித்தாள். அட்டைகளில் இருந்த முகமெல்லாம் கறுப்பு. பின்னால் எழுதியிருந்ததைப் பாதிரியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டிருந்தான்.

முந்தின நாள் பிச்சையா சொல்லாமல் கொள்ளாமல் சோலைமுத்துவின் மைக் செட் கடைக்கு வந்துவிட்டார். பதற்றத்தில் சோலைமுத்து அமெரிக்கத் தட்டுகளைப் பக்திப் பாட்டு அட்டைகளுக்குள் திணித்தான். பக்திப் பாட்டெல்லாம் கட்டிலுக்கடியில் போயின. விடியக்காலை ஜீப்காரர் ஹாரன் அடித்த அவசரத்தில், அட்டையை மட்டும் பார்த்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

அடுத்து, முருகன் பாட்டு அட்டையிலிருந்த தட்டை எடுத்து வைத்தான் சோலைமுத்து. "ஓ... பேபி..." என்று ஒரு பெருமூச்சு ஊருக்கே கேட்டது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"யாரு இது, இப்பிடி மூச்சு வாங்குறது?" என்றார் பிச்சையா.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சோலைமுத்து சொன்னது வேறு. "பக்திப் பாட்டுதாங்க. வெளிதேசத்துல இப்பிடித்தான் உருகுவாங்க."

பூசாரி வேலுச்சாமி சந்தோஷப்பட்டார். "அப்ப நல்லாச் சத்தமா வைப்பா. தீவாராதனை காட்டிருவோம், வெரசா!"

வேறு வழியில்லை. சரஸ்வதி அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து வைத்தான். டிரம்ஸ் அதிர்ந்தது, எக்காளங்கள் ஒன்றாய் முழங்கின, கற்பூரம் எரிந்தது. பிச்சையாவின் அக்கா ராக்கம்மாள் கண்ணை மூடினாள். தோள் குலுங்கியது. கொண்டை அவிழ்ந்தது.

"சாமி வந்திருச்சு! பாட்டை நிறுத்திராத!" என்று கத்தினார் பூசாரி.

ராக்கம்மாள் ஆடினாள். தாளத்தில் ஓர் அடிகூடப் பிசகவில்லை. சோலைமுத்துவே ஒரு கணம் பயத்தை மறந்து தலையாட்டினான். அந்த நேரம் பார்த்து ஊசி ஒரு கீறலில் சிக்கியது. பாடகர் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பக் கத்தினார். ராக்கம்மாளும் ஒரே காலைத் திரும்பத் திரும்பத் தூக்கினாள்.

"ஏலே, சாமிக்குக் கால் வலிக்கப் போகுது! ஏதாவது செய்யி!" என்று பதறினார் பூசாரி.

ஊசியைத் தொடச் சோலைமுத்துவுக்குக் கை வரவில்லை. பிச்சையா பக்கத்தில் வந்து நின்றார். "தம்பி, நெசத்தைச் சொல்லுங்க. இது பக்திப் பாட்டா?"

"இல்லைங்க. ஆனா தொரை பாட்டும் இல்லைங்க. தொரைமாரு பருத்திக் காட்டுல அடிமையாக் கெடந்தவங்களோட பேரப்புள்ளைங்க பாடுனது. அவ்வளவையும் பட்டுட்டு இப்பிடிப் பாடுறாங்களேன்னு... எனக்கு விட மனசு வரலைங்க."

பிச்சையா ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தார். கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. அதைக் கவனித்ததும் கையை மடக்கிக்கொண்டார். "பாட்டு கெடக்கட்டும். பொய் சொன்னீங்களே. பொய் சொல்ற ஆளை நம்பி எப்பிடிப் பொண்ணு குடுக்கிறது?"

அடுப்படியிலிருந்து லீலா விறுவிறுவென்று வந்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, முந்தானை முடிச்சிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்தாள். ஊசி பூட்டிய கம்பியின் நுனிமேல் அதைப் பதமாக வைத்தாள். பாட்டு கீறலைத் தாண்டி ஓடியது. ராக்கம்மாளின் கால் தரைக்கு வந்தது.

"இந்தத் தட்டு இந்த எடத்துல எப்பவும் நிக்கும்" என்றாள் சோலைமுத்துவிடம்.

பிச்சையா திகைத்தார். "அது ஒனக்கு எப்பிடிப் புள்ள தெரியும்?"

"பங்களாத் தொரைசாணி ஊருக்குப் போறப்ப எனக்குன்னு குடுத்துட்டுப் போன பாட்டுப் பெட்டிய, வீட்டுக்கு ஆகாதுன்னு பழைய சாமான் கடையில போட்டீங்களேப்பா, அது எனக்கு முந்தியே இவுங்க வீட்டுக்குப் போயிருச்சு."