தடித்த இதயத்தில் சமபங்கு

ஒரு காட்டில், அதுவும் தாலுகா ஆபீஸ் உள்ள காட்டில், உடன்பிறந்த வீட்டுப் பூனைகள் மூன்று வாழ்ந்தன. மூத்தவள் சாம்பவி. அடுத்தவன் குப்பாண்டி. கடைக்குட்டி பரஞ்சோதி.

நாலு படி ஏறுவதற்குள் சாம்பவிக்கு மூச்சு வாங்கியது. கொக்கு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்.

"இதயச் சுவர் தடிச்சிருக்கும்மா. உங்க அப்பாகிட்டேருந்து வந்த பரம்பரை நோய். மாத்திரை போட்டா ரொம்ப நாள் சமாளிக்கலாம்."

"குடுங்க டாக்டர்."

"பரம்பரையா வந்ததுக்கெல்லாம் வாரிசுச் சான்றிதழ் வேணும்மா. தாசில்தார் கிட்டப் போங்க."

தாசில்தார் எருமை உடன்பிறந்தவர்களின் கையெழுத்தைக் கேட்டது. சாம்பவி தம்பிகளை அழைத்து வந்தாள்.

குப்பாண்டி குதித்தான். "அப்பாவோடது உனக்கு மட்டும் எப்படிப் போகும்?"

"சொத்து இல்லடா, நோய்!"

"எதுவா இருந்தா என்ன? எனக்குச் சமபங்கு வேணும்."

பரஞ்சோதிக்குச் சண்டை என்றாலே ஆகாது. "என் பங்கையும் நீயே வச்சுக்கக்கா" என்று அங்கேயே விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தான்.

பங்கு கேட்டவனைப் பரிசோதிக்க எருமை உத்தரவிட்டது. குப்பாண்டியின் இதயச் சுவர் இன்னும் தடிமன்.

"அக்காவைவிட எனக்கு அரை மில்லிமீட்டர் கூடுதல்!" என்று அவன் மீசையை முறுக்கினான். இருவருக்கும் மாத்திரை கிடைத்தது.

"சின்னவரையும் பார்த்துடலாமே" என்றார் டாக்டர்.

"முடியாது. எழுதிக் கொடுத்துட்டார். இந்த நோயில் அவருக்குப் பாத்தியதை இல்லை" என்றது எருமை.

பரஞ்சோதிக்கு உட்கார்ந்திருந்தபோதே இரைத்தது. சாம்பவி பதறிப்போய்த் தன் மாத்திரையை நீட்டினாள்.

"வேண்டாம்க்கா. குடுத்ததைத் திருப்பி வாங்கினா நாலு பேர் என்ன நினைப்பாங்க?"

நாலு பேர் அவனுக்குப் பாராட்டு விழாவே எடுத்தார்கள். யானை ஆளுயர மாலை போட்டது. அந்தக் கனத்தைத் தாங்காமல் பரஞ்சோதி மேடையிலேயே சரிந்தான். டாக்டர் ஓடி வருவதற்குள் இதயம் நின்றுவிட்டது.

சாம்பவி அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். குப்பாண்டியும் விம்மி விம்மி அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எருமையிடம் போனான்.

"ஐயா, தம்பி எதுல செத்தானோ, அதுல எனக்கு எவ்வளவு வரும்?"

அக்காளும் தம்பியும் வழக்கு நடத்திக்கொண்டும், வேளை தவறாமல் மாத்திரை விழுங்கிக்கொண்டும் பதினாறு வயதுவரை வாழ்ந்தார்கள்.

நீதி: பெருந்தன்மை உயிருக்கு ஆபத்தானது, நோயானாலும் பங்கைக் கேட்டு வாங்கு.