நாற்பத்தெட்டில் பதினாறு போனால்

பிரிண்ட் கொடுத்து இரண்டு நிமிடம் ஆகியும் பக்கத்தில் இருந்த பிரிண்டர் மூச்சுவிடவில்லை. டெஸ்பாட்ச் கிளார்க் அதைத் தட்டினான். தாள் வைக்கும் தட்டை இழுத்துப் பார்த்தான். கடைசியாகக் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தான். தாள் போயிருந்தது கீழே கட்டிங் பிரிவில் இருக்கும் பிரிண்டருக்கு.

அது அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி. எந்தப் பெட்டி எந்த லாரியில் எங்கே போக வேண்டும் என்று எழுதுவது அவன் வேலை. பத்து வருடமாக எழுதிக்கொண்டிருந்தான். உட்கார்ந்தால் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் எல்லோரும் அவனைத் 'தையல் மெஷின்' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தத் தையல் மெஷின் முப்பத்துநாலு வயதில், யாருக்கும் தெரியாமல், எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தது. தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள்.

மானேஜருக்குத் தெரிந்தால் தொலைந்தான். போன வருடம் மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட்ட ஒருவரை, "பறக்கப்போற பறவைக்கு எதுக்குய்யா கூடு?" என்று கேட்டுக் கழிவுத்தாள் குடோனுக்கு அனுப்பியவர் அவர்.

தப்புவிடும் கணக்குகளைத் தாளுக்கு ஒன்றாகப் பெரிய எழுத்தில் அச்சடித்து, கீழே போட்டுப் பார்க்க இடம் விட்டு வைத்துக்கொள்வது அவன் பழக்கம். இன்று தப்பானவை இரண்டு; முதலாவது ஆள்-வேலைக் கணக்கு.

ஓடினால் சந்தேகம் வரும், நடந்தால் நேரமாகும் என்று இரண்டுக்கும் நடுவில் ஒரு மாதிரி தத்தித் தத்திப் படியிறங்கினான். பலனில்லை. கட்டிங் போர்மேன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, சுற்றிலும் எட்டுப் பேர் நிற்க, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஒரு தொழிற்சாலையில் நாற்பத்தெட்டுத் தொழிலாளர்கள் தினமும் எட்டு மணி நேரம் உழைத்து ஒரு ஆர்டரை இருபது நாளில் முடிக்கிறார்கள். அவர்களில் பதினாறு பேரை நீக்கிவிட்டால்..."

அவர் நிறுத்தினார். கட்டிங் மெஷினும் நின்றது.

"நீக்கிட்டா?" என்றார் ஒருவர்.

"அதே ஆர்டரை அதே இருபது நாளில் முடிக்க, மீதிப் பேர் தினமும் எத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டும்?"

கட்டிங் பிரிவில் பழைய லெட்டர்பேடு தாளைத்தான் பிரிண்டரில் போடுவார்கள். அதனால் கணக்கின் தலையில் கம்பெனி பேரும் முத்திரையும் பளிச்சென்று இருந்தன.

"அண்ணே, அதைக் குடுங்க. அது நம்ம கம்பெனியோடது இல்ல, வேற கம்பெனியோடது" என்றான் தையல் மெஷின்.

போர்மேன் தாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். "வேற கம்பெனித் திட்டம் நம்ம லெட்டர்பேடுல ஏன் வருது?"

"அது வந்து..."

"அப்ப நம்மளை வேற கம்பெனிக்கு வித்துட்டாங்களா?"

இதுவரை பதினாறு பேருக்கு வந்த ஆபத்து, அரை நிமிடத்தில் எல்லோருக்கும் வந்தது.

"முதல்ல ஆளை எண்ணுங்கப்பா" என்றார் பசை காய்ச்சுபவர். எண்ணினார்கள். ஐம்பத்தொன்று வந்தது. தையல் மெஷினுக்கு உயிர் வந்தது. "பார்த்தீங்களா? நாப்பத்தெட்டு இல்ல!"

"வாட்ச்மேனைக் கழி. அவரு ஏஜென்சி ஆளு" என்றார் போர்மேன். "டிரைவரைக் கழி. அவரு என்னைக்கு உள்ள இருந்தாரு?"

"ஐம்பது... நாப்பத்தொன்பது."

"மானேஜரைக் கழி. அவரு என்ன வேலையா செய்யறாரு?"

நாற்பத்தெட்டு. ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். யாரோ "ஐயோ" என்றார்கள். கணக்குச் சரியாக வந்துவிட்டதில் போர்மேனுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

தையல் மெஷின் மாடிக்கு ஓடினான். வரிசையில் இன்னும் ஒரு தாள் பாக்கியிருப்பதாகத் திரை சொன்னது. அதையாவது நிறுத்திவிட வேண்டும். அவசரத்தில் 'ரத்து' என்பதை அழுத்துவதற்குப் பதில் 'தொடர்க' என்பதை அழுத்தினான். கீழே பிரிண்டர் உற்சாகமாக உறுமுவது மாடிவரை கேட்டது.

அவன் திரும்பி வருவதற்குள் இரண்டாவது தாள் ஸ்டோர் கீப்பர் கையில் இருந்தது. பக்கத்தில் கணக்குப் பிரிவு அக்கா. இருவரும் மூன்று வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. இப்போது ஒரே தாளை ஆளுக்கொரு முனை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அ, ஆ, இ, ஈ, உ என ஐந்து அதிகாரிகள்" என்று அக்கா படித்தாள். "இ இருக்கும் குழுவில் ஈ இருக்கக் கூடாது. உ-வை நீக்கினால் மட்டுமே ஆ-வுக்கு இடம் உண்டு. கடைசியில் மிஞ்சும் மூவர் யார்?"

"இ நீங்கதான்" என்றார் ஸ்டோர் கீப்பர்.

"அப்ப ஈ நீங்க."

"ஈயா? ஸ்டோர்ல உக்காந்து நான் ஈ ஓட்டறேன்னு சொல்லிக் காட்டுறாங்களா? பதினஞ்சு வருஷ சர்வீஸ் எனக்கு!"

"நம்ம ரெண்டு பேருக்கும் ஆகாதுங்கறது மேலிடம் வரைக்கும் போயிருக்கு பாருங்க! யார் போட்டுக் கொடுத்தது?" அக்காவின் கண் கலங்கியது.

தையல் மெஷினுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "யாரும் பயப்படாதீங்க. அது நடக்கவே நடக்காது. பதினாறு பேர் போனா மீதி முப்பத்திரண்டு பேர் தினம் பன்னெண்டு மணி நேரம் வேலை செய்யணும். எவனால முடியும்?" என்றான்.

ஆறுதல் சொன்னதாகத்தான் நினைத்தான். கூட்டம் அவன் பக்கம் திரும்பியது.

போர்மேன் மெதுவாகக் கேட்டார்: "பன்னெண்டு மணி நேரம்னு இதுல எங்கயும் போடலையே. உனக்கு எப்படித் தெரியும்?"

"மனசுல போட்டுப் பார்த்தேன்ணே."

"ஒரு நிமிஷத்துலயா? இல்ல, முன்னாடியே போட்டு வெச்சிருந்தியா? திட்டம் தீட்டுறதே நீதானா தம்பி?"

புத்தகத்தில் மூன்று முறை தப்பாகப் போட்ட கணக்கு. வாழ்க்கையில் முதல்முறையாகச் சரியாக வந்திருந்தது.

அவன் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மனைவிக்குப் போன் போட்டான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பேசாம உண்மையைச் சொல்லிடுங்க" என்றாள்.

"குடோனுக்குத் தூக்கிப் போட்டுருவார்டி."

"போட்டா போடட்டும். வீட்டுல ஒரு இடத்துல உக்காந்து படிக்க முடியல, ஆபீஸ்ல முடியல. குடோன்லயாவது நிம்மதியா படிங்க. அங்க அழுதுட்டு இருக்கறவங்களை நினைச்சுப் பாருங்க."

வெளியே வந்து தன் பையை எடுத்துக்கொண்டபோது மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. கூட்டம் மானேஜர் அறைக்குள் புகுந்துகொண்டிருந்தது. போர்மேன் இரண்டு தாளையும் மேசையில் வைத்து, "இதுக்கு என்ன சார் அர்த்தம்?" என்றார்.

மானேஜர் முதல் தாளைப் படித்தார். முகம் வெளுத்தது. "எங்க கிடைச்சுது இது? யார் கொடுத்தா?"

எல்லோரும் தையல் மெஷினைப் பார்த்தார்கள். இரண்டு காலும் ஆட, அவன் முன்னால் வந்தான்.

"நான்தான் சார். அது திட்டமில்ல, கணக்கு. எம்.பி.ஏ. பரீட்சைக்குப் படிக்கறேன். பயிற்சிப் புத்தகத்துல இருக்கு, இருநூத்திப் பதினோராம் பக்கம். இந்தாங்க." பையிலிருந்து தடிப் புத்தகத்தை எடுத்து விரித்துக் காட்டினான். "ரெண்டாவது தாள் அடுத்த அத்தியாயம். அ, ஆ, இ எல்லாம் யாருமே இல்ல. சும்மா எழுத்து."

புத்தகம் கைமாறிக் கைமாறி வந்தது. எழுத்துக்கு எழுத்து அதே கணக்கு. முதலில் பசை காய்ச்சுபவர் சிரித்தார். ஸ்டோர் கீப்பர், "அப்ப நான் ஈ இல்ல" என்றார். "நானும் இ இல்ல" என்றாள் அக்கா. மூன்று வருடத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மானேஜர். நாற்காலியில் சாய்ந்து, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தார். மூலையில் இருந்த அவருடைய டைப்பிஸ்ட்கூட விரல்களை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"கணக்காய்யா? வெறும் கணக்கா? நல்லாப் பயமுறுத்தினே போ! எல்லாரும் போய் வேலையைப் பாருங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகாது." அவன் தோளைத் தட்டினார். "படி. நல்லாப் படி. பரீட்சைக்கு ரெண்டு நாள் லீவு எடுத்துக்க."

கீழே மெஷின்கள் மறுபடி ஓடத் தொடங்கின. போர்மேன் தன் கையால் அவனுக்கு டீ கொண்டுவந்து கொடுத்து, "தப்பா நினைச்சுக்காதே தம்பி, சீக்கிரம் பெரிய ஆளா வா" என்றார். பத்து வருடத்தில் முதல்முறையாகத் தையல் மெஷினின் கால் ஆடாமல் தரையில் இருந்தது.

டீயை முடிப்பதற்குள் டைப்பிஸ்ட் பூனை மாதிரி வந்து அவன் மேசையருகே நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குனிந்து, அவன் காதோரம் சொன்னாள்:

"அண்ணே, உங்க புத்தகத்துல பதினாறுன்னு இருக்கறது தப்பு, போன வாரம் நான் டைப் அடிச்ச லிஸ்ட்ல இருபத்தொண்ணு, இப்ப உங்களையும் சேர்க்கச் சொல்லிட்டாரு, இருபத்திரண்டு."