தண்ணீர்த் தொட்டியும் இரண்டாம் பக்கமும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம்; அம்மா என்னோடு பேசுவதில்லை என்பது ஒன்றுதான் குறை. அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

சமூகவியல் பிறந்த கதையை மாணவர்களுக்குப் பாடமாக எழுதி, பிழை பார்க்கச் சொல்லி அனுப்பினாயே, வினை அங்கேதான் ஆரம்பம். அறிவொளிக் காலத்துச் சிந்தனையாளர்கள், பழையது என்பதற்காக எதையும் ஏற்காதே, ஏன் என்று கேள் என்றார்களாம். நாற்பது வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவனுக்கு இது போதாதா? நம் கட்டடத்துக்கு நான் செயலாளர் வேறு. தினமும் காலையில் தொட்டி நிரம்பியதும் நான்காம் மாடி நர்ஸம்மா தட்டைக் கரண்டியால் அடிப்பதும், கீழே தையற்காரர் மோட்டாரை நிறுத்துவதும் வழக்கம். ஏன் இப்படி என்று கேட்டேன். "எப்பவும் இப்படித்தான் சார்" என்றார்கள். விடுவேனா? தொட்டி நிரம்பினால் மோட்டார் தானாக நிற்கும் சுவிட்சைப் பொருத்தி, இனித் தட்ட வேண்டாம் என்று நர்ஸம்மாவிடம் சொல்லியும்விட்டேன்.

மறுநாள் தட்டு ஒலிக்கவில்லை. அந்தச் சத்தம் கேட்டுக் கிளம்பும் இரண்டாம் மாடி இரட்டைப் பிள்ளைகள் பள்ளி வேனைத் தவறவிட்டார்கள். தையற்காரர், "தட்டிட்டு நர்ஸம்மா மாடியிலேர்ந்து 'நிறுத்திட்டீங்களாண்ணா?'ன்னு கேப்பாங்க சார். ஒரு நாளைக்கு என்கிட்ட பேசுறது அவங்க ஒருத்தர்தான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அம்மாவுக்குத் தலைசுற்றல். "உங்களுக்கு அது தண்ணி. நான் பிரஷர் மாத்திரை போடுறதே அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான்" என்றாள். அதோடு பேச்சு நின்றது. வரும் ஞாயிற்றுக்கிழமை என்னைப் பதவியிலிருந்து தூக்கக் கூட்டம்.

அதன்பிறகுதான் உன் இரண்டாம் பக்கத்தைப் படித்தேன். வழக்கங்கள் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை, ஒன்றை உருவினால் மற்றதும் சரியும் என்று எதிர்க்கட்சி சொன்னதாம். இரு தரப்புச் சண்டையில்தான் உன் சாஸ்திரமே பிறந்ததாம். கேள்வியை முழுசாகப் படித்துவிட்டு விடை எழுது என்று எத்தனை பிள்ளைகளைத் திட்டியிருப்பேன்! இன்று சுவிட்சைக் கழற்றிவிட்டேன். தொட்டியை நேரில் பார்த்து, காலமறிந்து ஒலி கொடுக்கும் நர்ஸம்மாவின் வழக்கமே அறிவுபூர்வமானது என்று கூட்டத்தில் ஒப்புக்கொள்ளப் போகிறேன்.

பாடம் நன்றாக இருக்கிறது, பிழை ஒன்றுமில்லை. இருவரும் நிறைந்த ஆயுளோடு வாழ்க.

அப்பா.

பி.கு.: நன்றி சொல்ல நர்ஸம்மாவிடம் போனேன். "தொட்டியா? அதை யாரு சார் ஏறிப் பாக்குறது? பால் பொங்கினா தட்டுவேன். முன்னாடி குடியிருந்தவங்க அப்படித்தான் சொல்லிட்டுப் போனாங்க" என்றார். மேலே 'அறிவுபூர்வமானது' என்று எழுதிய வரியை அடித்துவிடு. ஏன் என்று இனி ஞாயிறு வரை யாரையும் கேட்பதாக இல்லை. அம்மா இப்போதுதான் காபி வேண்டுமா என்று கேட்டாள்.