நம்பர் பிளேட்டுக்கு ஒரு மாலை

உயிர் இருக்கும்வரை ஆட்டோவின் ஹேண்டிலை லோஜினியிடம் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். போன வருஷம் அவள் லைசன்ஸ் எடுத்த அன்றே எடுத்த முடிவு. பெண்டாட்டி ஓட்ட, புருஷன் பின்சீட்டில் போனால் கொட்டகலைக் கடைத்தெரு ஒரு மாதம் சிரிக்கும்.

அதற்குள் டவுன் சந்தியின் கலர் லைட்டில் கமரா வைத்தார்கள். சிவப்பில் பாய்ந்தால் பின்பக்கத்தைப் படம் பிடிக்கும். சந்தியில் குறுக்கே மோதுவது குறைந்தது, உண்மைதான். ஆனால் முதல் வாரமே மஞ்சளைப் பார்த்துப் பதறி பிரேக்கை மிதித்தேன். பின்னால் வந்த மரக்கறி லொறி என் முதுகில் ஏறியது. சந்தியெல்லாம் முட்டைக்கோவா உருண்டது.

"பின்னால வர்றவன் பாத்து வரணும்டி!"

"முன்னால போறவரு தூரத்துலயே ஸ்லோ பண்ணணும்ங்க. இனி நம்ம பிள்ளையை ஸ்கூலுக்கு நான் பஸ்ஸுல கூட்டிட்டுப் போறேன். இல்லாட்டி ஹேண்டிலைக் குடுங்க."

"என் லைசன்ஸ பொலிஸ் புடுங்குனா குடுக்கிறேன்!"

"சரிங்க."

அவ்வளவு லேசாகச் சரி சொல்கிறவளே இல்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

நசுங்கிய பின்பக்கத்துக்குப் பெயின்ட் அடிக்க அவளே கராஜுக்குப் போனாள். "ஹயருக்கு அழைக்கவும்" என்று அதிலேயே தன் ஃபோன் நம்பரைப் பெரிதாக எழுதவைத்தாள். ஹயர் கூடியது, நாளெல்லாம் சவாரி. எனக்குப் பெருமை.

ஆயுத பூசை வந்தது. எல்லோரும் வண்டிக்கு முன்னால் மாலை போட்டார்கள். நான் பின்னால் போட்டேன், நம்பர் பிளேட்டுக்கு நேரே. பிறகென்ன, சிவப்பாவது மஞ்சளாவது! பறந்தேன்.

"மாலை காஞ்சு போச்சே, கழட்டலையா?"

"சாமி மாலைடி. தானா விழட்டும்."

"அப்ப புதுசு கட்டித் தர்றேன்."

என்ன பக்தி! செவ்வந்தியில் நெருக்கமாகத் தொடுத்துக் கொடுத்தாள்.

நேற்று அவள் ஃபோன் அடித்தது. "ஓவ் மாத்தயா, ஓவ்" என்று சிங்களத்தில் ஆமாம் போட்டுப் பணிவாகத் தலையாட்டினாள்.

"ஹயரா?"

"பொலிஸுங்க. கமராப் படத்துல நம்பர் பிளேட் தெரியலையாம். மேல உள்ள ஃபோன் நம்பரு பளிச்சுன்னு தெரியுதாம்."

"நம்ம வண்டி இல்லன்னு சொல்ல வேண்டியதுதானே!"

"சாமி மாலை போட்ட வண்டி. பொய் சொல்லலாமா?"

லைசன்ஸ் இப்போது பொலிஸில் இருக்கிறது.

இன்று காலை, மஞ்சள் விழுந்ததும் ஆட்டோ சந்தியில் அலுங்காமல் நின்றது. பின்னால் லொறியும் அமைதியாக நின்றது.

"பிள்ளையை நல்லா புடிச்சுக்குங்க" என்றாள் லோஜினி, திரும்பாமலே.

பின்சீட்டிலிருந்து சொன்னேன்: "சரிங்க."