துவைத்தே திவாலான கடை

பேப்பரைப் படித்ததும் டிக்கெட் பரிசோதகருக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. ஊரிலேயே உசத்தியான வீட்டு உபயோகப் பொருள் கடை திவால்! கண்ணாடிக் கதவு, குளுகுளு ஏசி, விலையைக் கேட்டாலே காது சுடும் வாஷிங் மெஷின்கள், எல்லாம் வந்த விலைக்கு விற்பனையாம்.

கடை மேல் அவருக்கு என்ன பகை? கடை மேல் இல்லை. அங்கே டை கட்டிக்கொண்டு மெஷினை இயக்கிக் காட்டும் ஆசாமி மேல்தான். மனைவி வாயில் அந்த ஆளுக்குப் பெயர் 'டெமோ சார்'.

"டெமோ சார் ஒரு தடவை கூட குரல உசத்தினதில்லைங்க."

"டெமோ சார் சட்டையில ஒரு சுருக்கம் இருக்காதுங்க."

சனிக்கிழமை தவறாமல் ஒரு பெரிய பையோடு அங்கே கிளம்பிவிடுவாள். கேட்டால், "சும்மா, மெஷின் பார்க்கத்தான்." பஸ்ஸில் முழியைப் பார்த்தே டிக்கெட் இல்லாதவனைப் பிடிக்கும் மனிதர், சொந்த வீட்டுப் பையைத் திறந்து பார்க்கப் பயந்தார். பொறாமையில் சாப்பாடு இறங்கவில்லை.

"கடை போச்சாமே!" என்றார், துக்கம் விசாரிப்பவர் போல.

"ஐயோ பாவம், டெமோ சார் என்ன பண்ணுவாரு?"

"வா, நேர்லயே கேட்டுடுவோம்." விழுந்தவனைப் பார்க்கும் ஆசை அவருக்கு.

கடையில் பாதி விளக்கு எரியவில்லை. டெமோ சார் மட்டும் டையோடு நின்றார். பரிசோதகரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அடடே, இந்தச் சட்டையா! காலர்ல ரொம்ப அழுக்கு சார். ரெண்டு தடவை ஊற வெச்சாத்தான் போகும்."

"என் சட்டை உனக்கு எப்படிய்யா தெரியும்?"

"வாங்குறதுக்கு முன்னாடி உங்க துணியவே போட்டுத் துவைச்சுப் பாருங்கன்னு போர்டு வெச்சோம் சார். ஊரே மூட்டையோட வந்துச்சு. துவைச்சுது, போயிடுச்சு. ஒருத்தரும் வாங்கல. கடை மூழ்கிடுச்சு. அதுலயும் அம்மா ஒரு வாரம் விட்டதில்ல."

"பனியனுமா?"

டெமோ சார் தலையைக் குனிந்துகொண்டார்.

வீட்டில் துணி துவைக்கும் சத்தமே கேட்டதில்லை என்பது பரிசோதகருக்கு அப்போதுதான் உறைத்தது. பையில் இருந்தது வெறும் அழுக்குத் துணி என்று நிம்மதி வந்திருக்க வேண்டும். பொறாமைக்கு நியாயம் ஏது? தன் பனியனை அலசியே ஒருத்தன் நல்ல பெயர் வாங்கிவிட்டானே என்று இன்னும் எரிந்தது.

"இனிமே எங்க சார் இருப்பீங்க?" என்றாள் மனைவி.

"உங்களுக்கு அடுத்த தெருவுலதாம்மா. சலவைக் கடை போடலாம்னு."

"அப்போ வாரா வாரம் வந்துடுறேன்!"

"ஒண்ணும் வேண்டாம்!" என்று அலறினார் பரிசோதகர். கையும் காலும் இருக்கிறவளுக்கு மெஷின் எதற்கு என்று கல்யாணமான நாள் முதல் வாதாடிய வாய், "இருக்கிறதுலயே பெரிய மெஷினக் கட்டுய்யா" என்றது.

"கடை மூடுறதால வீட்டுக்கு வந்து சொல்லிக் கொடுக்க ஆள் இல்ல சார். இங்கேயே கத்துக்கிட்டாத்தான் உண்டு. அம்மா, இப்படிப் பக்கத்துல வாங்க."

மனைவி முடியைச் சரிசெய்துகொண்டு நகர்ந்தாள். "டெமோ சார் பக்கத்துல நின்னு சொன்னா சட்டுனு புரியுங்க."

"நீ அங்கேயே நில்லு! எனக்குச் சொல்லிக் கொடுய்யா!"

இருவருக்கும் நடுவே சுவர் மாதிரி நின்றுகொண்டார். எந்தத் துணிக்கு எந்தப் பொத்தான், எவ்வளவு சோப்புத்தூள், எதோடு எது சேர்ந்தால் சாயம் ஒட்டும் என்று பரீட்சைக்குப் படிப்பது போல் படித்தார். மனைவி தள்ளி நின்று கடையை வேடிக்கை பார்த்தாள்.

மெஷின் வீட்டுக்கு வந்த மறுநாள், மூட்டையைக் கொண்டுவந்து அவர் முன்னால் போட்டாள்.

"ஆரம்பிங்க."

"நானா?"

"எனக்கென்னங்க தெரியும்? இத்தனை நாள் துவைச்சது அவரு. கத்துக்கிட்டது நீங்க."

பரிசோதகர் துணியைத் திணித்துப் பொத்தானை அழுத்தினார். மெஷின் சுற்ற ஆரம்பித்தது. மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு, கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தாள்.

"துணி சுத்துற நேரத்துல டெமோ சார் காபி போட்டுக் கொடுப்பாருங்க."