லேபிளில் பிள்ளையாரை எழுந்தருளச் செய்த படலம்

போத்தனூர் ஈன்ற பொற்கொடியே, விசைப்பலகையே வில்லாக, விரல் பத்தும் கணையாக, பிழைப்படை பிளந்து நூறிய விறல்மகளே, கம்பெனிச் சம்பளத்தை உதறிவிட்டுத் தனியாகப் பிடித்த முதல் வேலையோடு களம்புகுந்த ஹாரிகா நாச்சியாரே, வாழ்க நீ! வாழ்க உன் மடிக்கணினி! அதன் உடைந்த கீலும் நீடூழி வாழ்க!

ஆனி மாதக் கடைசி வெள்ளி, காலை பத்தேகால். கருமத்தம்பட்டியில் நாற்பது விசைத்தறிகள் நாற்பது போர்முரசென அதிர, அவற்றின் அதிபதியும், அரை மீட்டர் துணிக்கு அரைநாள் பேரம்பேசி எதிரியைத் தண்ணீர் கேட்கவைக்கும் பெருந்திறலாரும் ஆகிய பாலகோபால், புதுக் கணினியின் முன் சூடத்தட்டோடு வீற்றிருந்தார். எந்தத் தறியில் எந்தத் துணி ஓடுகிறது என்று காட்டும் மென்பொருள் அன்று தொடக்கம். முதல் திரையில் லேபிள் எனும் கட்டங்கள் இரண்டு. கீழது எழுத்துக்கு: 'ராமாமணி டெக்ஸ்' என அதிபதியின் இல்லத்தரசி திருநாமம் கல்வெட்டாய்ப் பொலிந்தது. மேலது படத்துக்கு: அங்கே ஐங்கரன் இருக்கவேண்டிய இடத்தில், ஐயகோ, சாம்பல்நிறச் சதுரம்!

"ஏனுங் அம்மணி, பிள்ளையாரு எங்கீங்க?"

"வந்துருவாருங்ணா. லோடாயிட்டு இருக்காருங்."

தோற்றோடும் படைத்தலைவர் எல்லாம் காலந்தோறும் சொல்லிவந்த பொய்யையே அவளும் சொன்னாள்.

அப்போது அதிபதி பறையறைவித்தார்: "பத்தரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள அவரு மூஞ்சி தெரியோணும், சூடம் காட்டோணும். அது முடிஞ்சா எறங்குபொழுது, அதுல நான் எதையும் தொடங்க மாட்டனுங். அப்பறம் ஆடி பொறந்துரும், ஆவணிக்குத்தான். அதுக்குள்ள எம் மச்சினன் பையன் தேஜா ஒண்ணச் செஞ்சு குடுத்துப்போட்டான்னா என்னையக் கேக்கக் கூடாதுங்."

மூலையில் சாய்ந்திருந்த அந்தத் தேஜா, உதவிக்கு வந்தவன்போல் பரிவுமுகம் காட்டி உள்ளே பாயசம் குடித்தான்.

மூன்று மாத உழைப்பு கண்முன் ஆடிக்காற்றில் பறக்கக் கண்ட நாச்சியார், சினவேங்கையெனச் சீறிக் கோப்பின் பெயரை ஆராய்ந்தாள், அது பிழையில்லை. கோப்பிருந்த இடத்தை முற்றுகையிட்டாள், அங்கும் பிழையில்லை. நீள அகலங்களை வாளால் அரிந்தாள், சதுரம் சிறுத்ததேயன்றித் தும்பிக்கையின் நுனிகூடத் தோன்றிற்றில்லை. அவள் நெற்றி வேர்வை விசைப்பலகை மேல் முத்தாரமாய் உதிர்ந்தது.

"நேத்து எங்கூட்டுல வந்தாருங்ணா!"

"உங்கூட்டுக்கு வந்தவரு எங்கூட்டுக்கு வரமாட்டேங்கறாரு. நாங்க என்ன பாவம் பண்ணிப்போட்டோமுங்?"

மணி பத்து இருபத்தெட்டு. தறிகளின் முழக்கம் சாவுமேளமாய் ஒலித்த அவ்வேளை, அவலம் கண்டு பொறாத ராமாமணி அம்மையார், பீரோவில் ஒட்ட வாங்கிய ஸ்டிக்கர் பிள்ளையாரைப் பைக்குள்ளிருந்து உருவினார். "தள்ளு கண்ணு" என்று வீராங்கனையை இடக்கையால் ஒதுக்கி, மானிட்டர் கண்ணாடியில், சாம்பற் சதுரத்தின் நேர் மேலே, ஓங்கி ஒரு தட்டுத் தட்டி ஒட்டினார். அளவெடுத்துத் தைத்தாற்போல் அமர்ந்தார் ஆனைமுகத்தார். பத்து இருபத்தொன்பதுக்குச் சூடம் எரிந்தது. அதிபதி கன்னத்தில் போட்டுக்கொண்டார். வேலை ஹாரிகாவுக்கே என்று உறுதியாயிற்று. தேஜாவின் பாயசம் தொண்டையில் நின்றது.

ராகுகாலம் கழிந்தபின் பகையின் குலமுகவரி துலங்கிற்று. வெள்ளிக்கிழமையாயிற்றே என்று காலையில் வீட்டைக் கூட்டிய கையோடு குணவதி ஹாரிகா தன் நிரலையும் கூட்டிச் சுத்தம் செய்து, வெளியில் கிடந்த படத்தை ஃபங்ஷன் என்னும் ஒரு நிரல்துண்டுக்குள் எடுத்து வைத்திருந்தாள். லேபிளோ எழுத்தைத் தன்னோடு வைத்துக்கொள்ளும், படத்தை வைத்துக்கொள்ளாது. ஃபங்ஷன் முடிந்ததும் கேட்பாரற்ற படத்தைப் பைத்தான் என்னும் நிரல்மொழி குப்பையென்று வாரிக் கொட்டிவிட்டது. படத்தை லேபிளோடு பிணைத்து ஒற்றைவரிப் பிரமாஸ்திரம் விடுத்தாள் நாச்சியார். ஸ்டிக்கரின் ஓரத்தில் பொன்னொளி கசிந்தது. வெற்றிப் பெருமிதம் பொங்க, அதைப் பிய்த்தெறிய நகத்தை நீட்டினாள்.

"ஒட்டுன சாமியப் பிச்செடுப்பாங்களா அம்மணி? கையை எடுங்க!" என்று இடியென ஆணையிட்டார் ராமாமணி.

படம் இப்போது ஸ்டிக்கருக்குப் பின்னால் சரியாக வருகிறது.